கேட்காமல் நடந்த வழி

எதிர்த் தரப்பு வக்கீல் கோப்பிலிருந்து உருவி நீட்டிய காகிதத்தை மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தபோதே சுகப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் கையெழுத்து என்று. வேறு யார் எழுதியிருக்க முடியும்? ஓரத்தில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. தலைப்புக்குக் கீழே அலைக்கோடு. ஒவ்வொரு பத்தியும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி ஆரம்பம். பத்தாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் அவள். நீதிபதி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்த ஒரு நொடி, பொய் சொல்வானேன், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடி, அந்தக் காகிதம் யார் கையிலிருந்து வந்தது என்பது உறைத்தது.

"யுவர் ஆனர், வாதி இருபத்தெட்டு வருஷமா இந்த வழியில உரிமையோட நடந்தாங்களாம். உரிமை இருக்கிறவங்க அனுமதி கேப்பாங்களா?" என்றார் வக்கீல். குரலில் வெல்லம் கரைந்தது. "'தங்கள் நிலத்தின் வழியே நடந்து செல்ல எங்களுக்கு அனுமதி வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே இருபத்திரண்டு கையெழுத்து. அதுக்கும் கீழே என் கட்சிக்காரர் பெரிய மனசு பண்ணி, ஓராண்டுக்கு அனுமதின்னு எழுதியிருக்கார். அந்த ஓராண்டு போன மாசம் முடிஞ்சுது. அனுமதி முடிஞ்சா வழியும் முடிஞ்சுது."

சுகப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசையம்மாள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. புரியாமைதான் இருந்தது.

மண்ணூரில் சூசையம்மாளுக்கு வரிசையாக எட்டு அறைகள் கொண்ட ஒரு வீடு. புருஷன் தாமஸ் உயிரோடு இருந்தபோது ஒவ்வொன்றாகக் கட்டியது. அறைக்குச் சுமார் மூன்று பேர் வீதம் இருபத்திரண்டு பெண்கள். பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். சுற்றியிருக்கிற கம்பெனிகளில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள். அந்த வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற சாலைக்குப் போக ஒரே வழி, பக்கத்துக் காலி மனையின் ஓரமாக ஓடும் ஒற்றையடிப் பாதை. கால் பட்டுப் பட்டு அதில் புல் முளைப்பதையே நிறுத்தியிருந்தது. அதை விட்டால் கண்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். விடிந்தும் விடியாமல் கிளம்பும் பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. வழி அடைபட்டால் ஒரே மாதத்தில் எட்டு அறையும் காலியாகும். சூசையம்மாளுக்கு வேறு பிழைப்பில்லை. வழியில்லாத நிலத்தை அப்புறம் அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம். அந்தக் காலி மனையை மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய வனமாமலை இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினார் என்று ஊரே பேசிக்கொண்டது.

வனமாமலை லேபர் கான்ட்ராக்டர். நாங்குநேரிக்காரர். அங்கேதான் சுகப்பிரியா ஏமாந்தாள்.

சென்ற ஆண்டு அவர் மனையில் கல்தூண்களை இறக்கியபோது அறைகளில் ஒரே கலவரம். சூசையம்மாள் ராவும் பகலும் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். "நம்ம ஊரு அண்ணாச்சிதானட்டி, போய்த் தன்மையா கேட்டா செய்வாவ" என்று அறைத்தோழி முப்பிடாதியிடம் சொன்னது சுகப்பிரியாதான். கேட்பதென்றால் வெறும் வாயால் கேட்பதா? கம்பெனியில் அரை மணி முன்னால் கிளம்ப ஒரு சீட்டு, ஷிஃப்ட் மாற ஒரு சீட்டு, அசெம்பிளி லைனிலிருந்து பாத்ரூம் போகக்கூட லீடரிடம் வாங்கிக் கழுத்தில் மாட்டும் அட்டை. எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான் அங்கே நிஜம், மற்றதெல்லாம் காற்று. எனவே எழுதினாள். இருபத்திரண்டு பேரிடமும் பெயர், எம்ப்ளாயி நம்பர், ஷிஃப்ட் என்று கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினாள். ஒரு சீப்புப் பழமும் கால்கிலோ மிக்சரும் வாங்கிக்கொண்டு ஏழு பேர் போனார்கள்.

"எந்த ஊரு பிள்ள நீ?" என்றார் வனமாமலை.

"களக்காடு அண்ணாச்சி."

"அடப் பாவி, பக்கத்து ஊரா! ஏய், பிள்ளைகளுக்குக் காப்பி போடச் சொல்லு."

காப்பி வந்தது. அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். அடியில் ஓராண்டுக்கு அனுமதி என்று எழுதித் தேதி போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காகிதத்தைப் பத்திரமாக மேஜைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பரோட்டா வாங்கிக் கொண்டாடினார்கள். சூசையம்மாளிடம் "அண்ணாச்சிட்ட பேசிட்டோம், சரின்னுட்டாவ" என்று மட்டும் சொன்னார்கள். கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மாவும் மாதாவே மனமிரங்கினாள் என்று இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியானாள். சரியாக ஓராண்டு முடிந்த மறுநாள் அவர் தூண்களை நட்டுவிட்டார். சுவர் எழும்புவதற்குள் தடை வாங்கத்தான் இந்த வழக்கு.

இன்று காலை கோர்ட் வாசலில்தான் வக்கீல் பெனிஷா வழக்கின் சூட்சுமத்தைச் சுகப்பிரியாவுக்கு விளக்கினாள். பெனிஷாவுக்கு முப்பது வயதிருக்கும், இருங்காட்டுக்கோட்டைப் பெண். பேச்சும் நடையும் எப்போதும் பஸ் பிடிக்கப் போகிற வேகம். ஒருத்தர் நிலத்தின் வழியே, சண்டையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், இருபது வருஷம் விடாமல் நடந்தால் நடக்கிற உரிமை வந்துவிடும் என்கிறது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். நிலம் அவருடையதேதான். நடை இவர்களுடையது.

"கேக்காம நடந்தாத்தானாக்கா?"

"கேக்காம நடந்தாத்தான். கேட்டா அது அவர் போட்ட பிச்சை. கேக்காம நடந்தா உரிமை."

சுகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள். கேட்காதவர்கள் பக்கம் நிற்கிற ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறதா? அதுவும் நூறு வருஷத்துக்கு மேலாகவா? அப்போதும் கடிதம் ஞாபகத்துக்கு வரவில்லை. நல்லது என்று நம்பிச் செய்த காரியத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நீதிபதி கடிதத்தைக் கீழே வைத்தார். "வாதி தரப்புல என்ன சொல்றீங்க?"

"இந்த ஆவணம் எங்களுக்கு இப்பதான் தெரிய வருது யுவர் ஆனர். கொஞ்சம் டைம் வேணும்" என்றாள் பெனிஷா.

"லஞ்சுக்கு அப்புறம் கூப்பிடுங்க."

வெளியே வேப்பமரத்தடி டீக்கடையில் பெனிஷா சுகப்பிரியாவை நிற்கவைத்துக் கேட்டாள். "யாரு எழுதினது?"

"நான்தாங்க்கா."

"இன்னா அழகா எழுதிகிற! கேஸ குழி தோண்டிப் பொதைக்கிறதக்கூட ஓரத்துல கோடு போட்டுப் பண்ணிகிற." பிறகு சூசையம்மாளிடம் திரும்பினாள். "ஏங்க்கா, நான் மொத நாளே கேட்டேனா இல்லியா? யாராவது எப்பனா பர்மிஷன் கேட்டீங்களான்னு?"

"நான் இன்னாத்துக்கும்மா கேக்கப் போறேன்? கண்ணாலம் கட்டிகினு வந்த அன்னிக்கே அந்த வழியாத்தான் நடந்து வந்தேன். எங்க வூட்டுக்காரும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல." சூசையம்மாள் மூன்று டீ சொன்னாள். "வுடு. சின்னப் பசங்க. நல்லதுன்னு நெனச்சிப் பண்ணிச்சிங்க. அதுங்கள ஏசி இன்னா ஆவப்போவுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மூன்றாவது டீயைத் தன் கையில் கொடுத்தபோதுதான் சுகப்பிரியாவுக்கு மனசு உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்ற பிறகு கோபம் வந்தது. முதலில் வனமாமலை மேல், பிறகு தன் அழகான எழுத்தின் மேல், கடைசியில் அந்தக் காகிதத்தின் மேலேயே.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? நாங்க யாருக்கா?"

"ஏன்?"

"நாங்க வாடகைக்குத்தான இருக்கோம்? நாளைக்கு எனக்குக் கிறுக்குப் பிடிச்சி, எங்க ரூம் கதவக் கழத்திப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வாரேன்னு வைங்க. அது வித்ததா ஆவுமா? இவிய போயி, இது என் கதவுடான்னு தூக்கிட்டு வர மாட்டாவளா? கதவே எங்களுது இல்லன்னா, வழிய மட்டும் நாங்க எப்படிக்கா எழுதிக் குடுக்க முடியும்?"

பெனிஷாவின் டீ கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

சுகப்பிரியா திரும்பச் சொன்னாள். பெனிஷா கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள், அது சாய்ந்து கொட்டியதைக் கவனிக்கவே இல்லை. "ஐயோ, வழி உங்களுதே இல்லடி! அக்காவுதுகூட இல்ல. அந்த நெலத்துது! வீடு நிக்கிற நெலத்தோட ஒட்டிகினு வர்ற உரிமை அது!" என்று பாதியைத் தனக்கும் பாதியை வேப்பமரத்துக்குமாகச் சொன்னாள். கறுப்புக் கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் அறைக்கு ஓடினாள். வக்கீல் ஒருத்தி அப்படி ஓடி அந்த வளாகம் பார்த்திருக்காது. சமோசா தின்றுகொண்டிருந்த குமாஸ்தா ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். சுகப்பிரியாவும் பின்னாலேயே ஓடினாள். ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமல், ஆனால் ஓடாமல் இருக்க முடியாமல்.

முதுகு கிழிந்த ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பெனிஷா விரலால் வரி வரியாகத் தேடினாள். சுகப்பிரியா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் யாரோ, எப்போதோ, அவளைப் போன்ற ஒருத்தி இப்படி ஒரு தப்பைச் செய்வாள் என்று முன்னாலேயே யோசித்து ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது புரிந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததே தெரியவில்லை. பசியும் தெரியவில்லை.

இரண்டேகாலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள்.

பெனிஷா எழுந்து நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்கினாள். கடிதத்தை மறுக்கவில்லை, கையெழுத்துகளை மறுக்கவில்லை, எல்லாம் உண்மை என்றாள். எதிர்த் தரப்பு வக்கீல் புருவத்தை உயர்த்தினார். "ஆனா இதுல வாதியோட கையெழுத்து எங்க யுவர் ஆனர்? இருபத்திரண்டுல அவங்க பேரு இல்ல. எழுதினவங்க வாடகைக்கு இருக்கிற பொண்ணுங்க. வழி நிலத்தோட சேர்ந்தது. நிலம் இவங்களுது இல்ல. இல்லாத உரிமைய இவங்க எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?"

எதிர் வக்கீல் எழுந்தார். இந்த முறை வெல்லம் இல்லை. "நல்லா இருக்கு யுவர் ஆனர். வழியில நடந்தது யாரு? இந்தப் பொண்ணுங்க, இவங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணுங்க. அவங்க கால் நடந்தது வீட்டுக்காரம்மா பேர்ல வரவாகுமாம். அவங்க கை எழுதினது மட்டும் வராதாம். காலுக்கு ஒரு சட்டம், கைக்கு ஒரு சட்டமா?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. சரியான கேள்விதானே என்று தோன்றியது சுகப்பிரியாவுக்கு. தானே எதிர்த் தரப்பில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள். பெனிஷா புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். சூசையம்மாளின் விரல்கள் புடவைத் தலைப்புக்குள் ஜெபமாலை மணிகளை நகர்த்துவது பக்கத்தில் கேட்டது.

"ஆமா யுவர் ஆனர்" என்றாள் பெனிஷா. "ரெண்டு சட்டந்தான். குடியிருக்கிறவங்க வீட்டுக்கு ஒரு நன்மையக் கொண்டு வரலாம். வாசல்ல ஒரு செடி வெச்சா அது வீட்டுக்குச் சேரும். ஆனா வீட்டுக் கதவக் கழட்டி வித்தா, அந்த விற்பனை செல்லாது. கொண்டு வரலாம், எடுத்துக் குடுக்க முடியாது. ஏன்னா தன்கிட்ட இல்லாதத யாராலயும் குடுக்க முடியாது. இந்த இருபத்திரண்டு பேருக்கும் அந்த வழியில ஒரு அடிகூடச் சொந்தமில்ல. மண்ணூர்லயே ஒரு அடி சொந்தமில்ல. இன்னிக்கு இருப்பாங்க, கம்பெனி கான்ட்ராக்ட் முடிஞ்சா நாளைக்கு வேற ஊரு. அவங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்ல யுவர் ஆனர். அதனாலதான் அவங்களால எதையும் கெடுக்க முடியல."

சுகப்பிரியாவுக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. தன்னுடைய கதவு! தான் சொன்ன கதவு கோர்ட்டில் நிற்கிறது! அந்த மகிழ்ச்சியின் நட்ட நடுவில் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தவும் செய்தது. நான்கு வருஷமாக இந்த ஊரின் சோற்றைத் தின்று, இந்த ஊரின் பஸ்ஸில் தூங்கி, தலைமுடியில் பாதியை இந்த ஊரின் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இங்கே ஒன்றுமே இல்லை என்பது சபையில் நிரூபணமாகிவிட்டது. அதனால்தான் எல்லாம் பிழைத்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சூசையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த லெட்டர் எழுதின பொண்ணு வந்திருக்கா?" என்றார் நீதிபதி.

சுகப்பிரியா எழுந்தாள்.

"பதிவுக்காக இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். வீட்டுக்காரம்மா எழுதச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவியளுக்குத் தெரியாது. அவிய இருந்திருந்தா எழுத விட்டிருக்க மாட்டாவ."

"பின்ன ஏம்மா எழுதின?"

சுகப்பிரியா யோசித்தாள். பெனிஷா கண்ணால் ஏதோ சொன்னாள், அது பிடிபடவில்லை. "கேக்காம ஒரு இடத்துல நடக்கலாம்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

நீதிபதி தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். அடுத்த வாய்தா வரை வழியை யாரும் அடைக்கக் கூடாது. இப்போது உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் நேரில் போய் வழியை அளந்து அறிக்கை தர வேண்டும். கடிதத்தின் மதிப்பை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெயித்தோமா என்று கேட்டதற்குப் பெனிஷா, "இன்னும் வருஷக் கணக்குல கீது. ஆனா இன்னிக்கி சாவல" என்றாள். அதற்கே சூசையம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். படியில் இறங்கும்போது வனமாமலை எதிரில் நின்றார். "ஊர்க்காரப் பிள்ளன்னு நம்பி ஒரு கையெழுத்துப் போட்டேன் தாயி. நல்லா இரி" என்றார், மனம் புண்பட்டவரைப் போல. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுகப்பிரியா அதைக் கடித்து விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் விழுங்கிய முதல் மன்னிப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை கமிஷனர் வந்தார். சர்வேயர் நாடாவைப் பிடித்து அளந்தார்: அகலம் ஆறடி, நீளம் இருநூற்றுப் பத்தடி. புல் முளைக்காத மண்ணைப் பல கோணத்தில் படம் எடுத்தார்கள். வழியின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புத்தூளால் கோடு இழுத்து, சாலை முனையில் இரண்டு தூண்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு கனத்த பட்டையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது வானம் அப்போதுதான் வெளுத்திருந்தது. பனியில் சுண்ணாம்பு நனைந்து குழைந்திருந்தது. தூணருகே வனமாமலை நின்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ள, சொல்லாம கொள்ளாம போற?"

பஸ் ஹாரன் அடித்தது. முப்பிடாதி பின்னாலிருந்து முதுகில் இடித்தாள். சுகப்பிரியா அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஊர்க்காரருக்கு அந்தச் சிரிப்பு மட்டும் உண்டு. பிறகு டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பட்டையின் நடுவில் காலை அழுத்தி வைத்து நடந்தாள். பின்னாலேயே அந்த ஷிஃப்டின் மற்ற பத்துப் பேரும் வந்தார்கள்.

கம்பெனியில் லைனுக்குள் போகும் முன் செருப்பை ரேக்கில் விட்டுவிட்டு வேறு ஷூ மாட்டவேண்டும். ஹவுஸ்கீப்பிங் பேச்சியக்கா மாப்பை ஊன்றிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். கதவிலிருந்து ரேக் வரைக்கும் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்த நீலத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள் வந்திருந்தன. பதினோரு பேருடையவை, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஏறக்குறைய ஆறடி அகலத்தில்.